குதிரைக்கு வலு புல்லில் இருக்கிறது: திருகோணமலையில் முதல் குதிரை வாங்கியவர்களுக்கு ஒரு தீனி வழிகாட்டி

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் யாராவது புதிதாகக் குதிரை வாங்கினால் ஒரு மாதத்துக்குள் எனக்கு அழைப்பு வந்துவிடும். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “அண்ணா, குதிரை சோர்ந்து நிக்குது. என்ன போட்டா உசாராகும்?” கேட்கும்போதே அவர்கள் மனதில் ஒரு சாக்குச் சோளன் நிற்கும். ஒரு காலத்தில் என் மனதிலும் அதுதான் நின்றது.

என் முதல் குதிரை, காயடித்த செந்நிற ஆண் குதிரை, மலைநாட்டிலிருந்து லொறியில் வந்திறங்கியது. காலையில் இரண்டு கிலோ, பின்னேரம் இரண்டு கிலோ உடைத்த சோளன் போடு, புல் கிடைத்தால் போடு என்று விற்றவர் சொன்னார். அப்படியே செய்தேன். முதல் மூன்று நாள் துள்ளியது. ஒரு கிழமை கழித்து ஒரு பின்னேரம் சாப்பாட்டைத் தொடவில்லை. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, முன்னங்காலால் மண்ணைப் பிறாண்டியது, பிறகு விழுந்து புரண்டது. மிருக வைத்தியர் வந்து விடியும்வரை நின்று காப்பாற்றினார். உயிர் தப்பியது. ஆனால் முன்னங்குளம்புகள் இரண்டும் சூடேறி, நான்கு மாதம் கால் ஊன்றவே கூசியது. அந்த நான்கு மாதத்தில் படித்ததும் கேட்டதும், பிறகு வந்த குதிரைகளிடம் கண்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வயிற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிண்ணியா, தம்பலகாமம், மூதூர் என்று எங்கும் மாடு வளர்த்துப் பழகியவர்கள் நாம். அதனால் மாட்டை வைத்தே குதிரையையும் கணிக்கிறோம். மாட்டுக்குக் குடலுக்கு முன்னால் பெரிய வயிறு, அசைபோட்டு ஆறுதலாகச் செரிக்கும். குதிரை அசைபோடாது. 500 கிலோ எடையுள்ள பெரிய குதிரையின் இரைப்பைகூட 8 முதல் 15 லீட்டர்தான், ஏறக்குறைய ஒரு வாளி. அந்த வாளிக்குள் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் சரி, பட்டினி கிடந்தாலும் சரி. அதைத் தணிக்கும் உமிழ்நீர் மெல்லும்போது மட்டும்தான் ஊறும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மென்று முடிக்கக் குதிரைக்கு ஏறக்குறைய 40 நிமிடம் வேண்டும். ஒரு கிலோ தானியம் 10 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டு வேளைத் தானியத்தோடு கட்டிப்போட்ட குதிரைக்கு வயிற்றுப்புண் வருவது இதனால்தான்.

புல்லின் நார் செரிப்பது பின்குடலில், அதாவது சிறுகுடலுக்குப் பின் வரும் பெருங்குடல் பகுதியில். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவை இரத்தத்தில் கலந்து மணிக்கணக்காக ஒரே சீராக வலு கொடுக்கும். நடை, மெல்லோட்டம், கடற்கரைச் சவாரி எல்லாம் பெரும்பாலும் இந்த வலுவிலும் உடலில் உள்ள கொழுப்பிலும்தான் நடக்கின்றன. நாலுகால் பாய்ச்சலுக்கு மட்டுமே தசையில் சேமித்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை பெரிதாகத் தேவை.

தானியத்தின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்துவிட வேண்டும். ஒரே வேளையில் அளவுக்கு மேல் போட்டால் செரியாத மிச்சம் பின்குடலுக்குள் வழியும். அங்கே அது வேகமாகப் புளித்து அமிலத்தைக் கூட்டும். நல்ல நுண்ணுயிர்கள் செத்து நச்சுப்பொருள் இரத்தத்தில் ஏறும். வயிற்றுக்குத்தும், லாமினைட்டிஸ் எனப்படும் குளம்பழற்சியும் இந்த வழியில்தான் வருகின்றன. என் செந்நிறக் குதிரைக்கு நடந்ததும் இதுதான். குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது. தவறாக உள்ளே போனது முழுக் குடலையும் கடந்தே ஆக வேண்டும்.

நெடுந்தீவில் ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் காலத்திலிருந்து கட்டாக்காலியாக வாழும் குதிரைகளை நினைத்துப் பாருங்கள். யார் அவற்றுக்குத் தானியம் போட்டார்கள்? அந்த மட்டக் குதிரைகள் புல்லைத் தின்றே தலைமுறை தலைமுறையாக ஓடித் திரிகின்றன. அவற்றை வீழ்த்துவது வறட்சிக்காலத்துத் தண்ணீர்ப் பஞ்சம்.

எடையை அளந்து எழுதுங்கள்

தீனியின் கணக்கு எல்லாம் உடல் எடையில் தொடங்குகிறது. தராசு தேவையில்லை, தையற்காரரின் அளவுநாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். அப்புறம் தோள்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை நீளம். இரண்டும் சென்ரிமீற்றரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 300 கிலோ. நம் பக்கத்துச் சவாரி மட்டக் குதிரைகள் பல இந்த அளவில்தான் இருக்கும். அதனால் கீழே வரும் கணக்குகளை 300 கிலோவுக்கே சொல்கிறேன்.

அதோடு விலாவைத் தடவிப் பாருங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலை வைத்தால் உடனே தட்டுப்பட வேண்டும். தேடி அழுத்தினால்தான் கிடைக்கிறது என்றால் குதிரை கொழுத்துவிட்டது. கழுத்தின் மேல்வரம்பு கட்டியாகத் தடித்திருந்தால் தானியம் ஒரு பிடிகூடப் போடாதீர்கள். அது சோர்ந்து நிற்பது பட்டினியால் அல்ல, பாரத்தால்.

புல்: எவ்வளவு, எது, எப்படி

ஈரம் நீக்கிப் பார்த்தால் குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 சதவீதம் அளவு தீனி வேண்டும். வேலை செய்யும் குதிரைக்கு இரண்டரை வரை போகலாம். அதில் புல்லின் பங்கு எந்த நாளிலும் ஒன்றரைச் சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 300 கிலோக் குதிரைக்கு அது நாலரைக் கிலோ. ஆனால் பச்சைப் புல்லில் முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர். நாலரைக் கிலோச் சத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ பச்சைப் புல் வெட்ட வேண்டும். முழு வயிற்றுக்கு 27, 28 கிலோ. மழைக்காலத்து இளம்புல்லில் தண்ணீர் இன்னும் அதிகம், அப்போது இதுவும் போதாது. புதியவர்கள் ஒரு கட்டுப் புல்லைப் போட்டுவிட்டு நிறையப் போட்டதாக நினைக்கிறார்கள். ஒரு நாளாவது தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள், திகைத்துப்போவீர்கள்.

நம் மாவட்டத்தில் தாராளமாகக் கிடைப்பது கினிப்புல். வீதியோரம், வாய்க்கால் வரம்பு, பாழ்நிலம் என எங்கும் நிற்கும். பூக்கத் தொடங்கும் பருவத்தில் வெட்டினால் இலையும் இருக்கும், நாரும் இருக்கும். முற்றித் தண்டாகிவிட்டால் வயிறு நிரம்பும், சத்து இராது. மாட்டுப் பண்ணைகளில் வளர்க்கும் கோ-3 புல்லும் போடலாம், ஆனால் அதை மட்டுமே மாதக்கணக்கில் போடாதீர்கள். இப்படிப்பட்ட வெப்பநாட்டுப் புற்கள் பலவற்றில் ஒட்சலேற்று இருக்கிறது. அது கல்சியத்தைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது. மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. கல்சியம் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுக்கும். முகவெலும்பு வீங்கி, கால் நொண்டத் தொடங்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். வரம்பில் கிடைக்கும் மற்றப் புற்களையும் கலந்து போடுங்கள்.

வீதியோரப் புல்லை வெட்டுமுன் நின்று பாருங்கள். களைநாசினி அடித்த இடமா? கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான்கள் குப்பையைக் கிளறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பொலித்தீன் புல்லுக்குள்ளும் சிக்கிக் கிடக்கும். வெட்டிய கட்டை அவிழ்த்து, உதறி, கையால் அளைந்து பிறகு போடுங்கள். வெட்டிய ஈரப் புல்லைக் குவியலாக விட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்ளே கையை வைத்தால் சூடு தெரியும். அந்தச் சூடு புளிப்பின் அடையாளம். அந்தப் புல் குதிரைக்கு வேண்டாம். நிழலில் பரப்பிவையுங்கள்.

வைக்கோல் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரும்போக அறுவடை முடிந்ததும் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வைக்கோல் மலிவு. அதில் சத்து மிகக் குறைவு. தனியே போட்டால், அதுவும் தண்ணீர் குறைந்த நாளில், குடலில் அடைத்துக்கொள்ளும். இராப்பொழுதில் மெல்லுவதற்காக, மொத்தப் புல்லில் கால்பங்குக்கு மேல் போகாமல் கலக்கலாம். பூஞ்சணம் மணத்தால் ஒரு பிடியும் வேண்டாம். அதைவிட நல்ல வழி, மாரி முடிந்து மாசி, பங்குனி வெயில் ஏறும்போது கினிப்புல்லை வெட்டிப் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்துச் சேமிப்பது. நான் வருடா வருடம் செய்கிறேன். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடித்து வரம்பெல்லாம் கருகும்போது அந்தச் சேமிப்புத்தான் கைகொடுக்கும்.

தண்ணீரும் உப்பும்

குதிரை சோர்ந்து நிற்கிறது என்று வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில்தான் முடிகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேலை இல்லாத நாளில் பெரிய குதிரை 25 லீட்டர் அளவு குடிக்கும். வெயிலில் வேலை செய்தால் அது இரட்டிப்புக்கும் மேல் போகும். வாளி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும், நிழலில் இருக்க வேண்டும், தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். கடலோரக் கிணறுகள் பல கோடையில் சவராகிவிடும். நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உங்கள் நாக்குக்குக் கரித்தால் குதிரையும் அரைவயிறாகத்தான் குடிக்கும். அப்படியான வீடுகளில் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொடுக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

இனி உப்பு. குதிரையின் வியர்வை நம் வியர்வையைவிட உப்புக் கூடியது. ஒரு லீட்டரில் ஏறக்குறைய 10 கிராம் உப்புகள் வெளியேறும். சேணத்துக்குக் கீழே நுரை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். லதரின் என்ற புரதம் வியர்வையில் இருப்பதால் வரும் நுரை அது. காய்ந்த பிறகு மயிரில் வெள்ளைப் பொடியாக ஒட்டியிருப்பது உப்பு. கடும் வெயிலில் கடும் வேலை செய்தால் மணிக்கு 10 லீட்டருக்கு மேலும் வியர்க்கும். புல்லில் பொட்டாசியம் தாராளம், சோடியம் மிகக் குறைவு. அந்த உப்பைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் தாகம்கூட எடுக்காது. உடல் வற்றியிருக்கும், குதிரை வாளியை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். புதியவர்கள் அதைப் பார்த்து, தண்ணீர் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

சும்மா நிற்கும் நாளில் 100 கிலோ எடைக்கு 10 கிராம் உப்பு, ஆகவே 300 கிலோக் குதிரைக்கு 30 கிராம். வேலை செய்து வியர்க்கும் நாளில் 50, 60 கிராம் வரை. இரண்டாகப் பிரித்து ஊறவைத்த தீனியில் கலந்து போடுங்கள். நக்குவதற்கு உப்புக்கட்டி தொங்கவிட்டால் நல்லதுதான், ஆனால் குதிரையின் நாக்கு மாட்டின் நாக்குப் போலக் கரடுமுரடானதல்ல. தேவையான அளவை நக்கியே எடுத்துவிடாது. கடைச் சாதாரண உப்பே போதும். விலை கூடிய பொதிகளை வாங்குமுன் இதை இரண்டு கிழமை செய்து பாருங்கள். உப்புப் போடும் நாளில் பக்கத்தில் வெறும் தண்ணீர் கட்டாயம் இருக்க வேண்டும்.

உடல் வற்றியிருக்கிறதா என்று பார்க்க மேலுதட்டைத் தூக்கி ஈறில் பெருவிரலை அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். ஈறு வழவழப்பாக ஈரமாயிருக்க வேண்டும், காகிதம்போல ஒட்டக் கூடாது.

இன்னொன்று. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். குளிர்ப் பிரதேசத்திலிருந்து வந்தவற்றில் அதிகம் கவனியுங்கள். சவாரியில் தோல் காய்ந்தே இருந்து, மூச்சு மட்டும் படபடவென்று அடித்தால் உடனே இறங்குங்கள். நிழலில் நிறுத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு மிருக வைத்தியரிடம் பேசுங்கள். இதற்குத் தீனியில் மருந்து தேடாதீர்கள்.

புல்லுக்கு மேல் என்ன

ஒரு நாளில் ஓரிரு மணி நேரம் மெதுவான சவாரி போகும் குதிரைக்கு, நல்ல புல்லும் தண்ணீரும் உப்பும் கிடைத்தால் மேலதிகமாகத் தேவைப்படுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு நான் முதலில் எடுப்பது தேங்காய்ப் புண்ணாக்கு. நம் நாட்டுச் சரக்கு. மாவுச்சத்து மிகக் குறைவு, புரதம் 20 சதவீதம் அளவில், எஞ்சிய எண்ணெயும் இருக்கும், அதன் நார் பின்குடலில் நன்றாகப் புளிக்கும். சோளன்போல மண்டைக்கு ஏறாமல் மெதுவாக வலு கொடுக்கும்.

வாங்கும்போது கையில் ஒரு துண்டை உடைத்து முகருங்கள். வறுத்த தேங்காய் மணம் வர வேண்டும். காறல் மணம், புளிப்பு மணம், பச்சை அல்லது கறுப்புப் புள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள். பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். அரைக் கிலோவுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். கட்டி முழுக்க உதிர்ந்து, களிபோல ஆகி, பிழிந்தால் விரலிடுக்கில் வழிய வேண்டும். நடுவில் கல்லாக எதுவும் மிஞ்சக் கூடாது. காய்ந்த கட்டியை விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். இந்தப் புழுக்கத்தில் ஊறியது சீக்கிரம் புளித்துவிடும். அந்தந்த வேளைக்கு மட்டும் ஊறவையுங்கள்.

தவிடும் நல்ல தீனிதான், இரண்டு நிபந்தனையோடு. மில்லிலிருந்து வந்த சில நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், அதிலுள்ள எண்ணெய் விரைவில் காறிவிடும். அடுத்தது, தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் அற்பம். குதிரைக்குப் பொசுபரசைவிடக் கல்சியம் கூடுதலாக வேண்டும். அரைக் கிலோ தவிட்டுக்கு 30 கிராம் அளவில், கால்நடைத் தீனிக்கென விற்கும் கல்சியம் காபனேற்றுத் தூள் சேருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், அது வாயையும் குடலையும் வேகவைக்கும். ஒருவர் அப்படிப் போடப் போனதைக் கடைசி நேரத்தில் தடுத்திருக்கிறேன்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்கள். அவ்வளவு விருப்பம். கொள்ளில் புரதம் நிறைய. பால் கொடுக்கும் குதிரைக்கும் வளரும் குட்டிக்கும் நல்லது. ஊறவைத்து அவித்துத்தான் போட வேண்டும். ஆனால் புரதம் ஓட்டத்துக்கு விறகு அல்ல. மிஞ்சியதை உடல் யூரியாவாக்கி வெளியேற்றும். அதற்குத் தண்ணீர் செலவாகும், கொட்டிலில் கண் எரியும் அமோனியா மணம் கிளம்பும். ஒரு நாளைக்குக் கால் கிலோ போதும்.

சோளனை நான் இப்போது வாங்குவதில்லை. ஆனால் கடுமையாக ஓடும் குதிரைக்கு, அல்லது மெலிந்துபோனதற்குத் தானியம் தேவைப்படலாம். அப்படியானால் ஒரு வேளைக்கு 400 கிராமுக்கு மேல் சோளன் வேண்டாம், அவித்தது என்றால் நல்லது. சுண்டாலும் பேணியாலும் அளக்காதீர்கள். ஒரு பேணி ஓட்ஸைவிட ஒரு பேணி சோளன் மிகவும் பாரமானது, வலுவும் கூடியது. தராசில் நிறுங்கள். ஓட்ஸ் தானியங்களில் பாதுகாப்பானது, ஆனால் நமக்கு இறக்குமதிச் சரக்கு, விலை கடிக்கும். உடம்பு வைக்க வேண்டும் என்றால் புண்ணாக்கோடு தேங்காயெண்ணெய் சேர்ப்பது மலிவான வழி. ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கி மூன்று கிழமையில் 150 மில்லிலீட்டர் வரை ஏற்றலாம்.

எதை மாற்றினாலும் பத்து நாளில் மெல்ல மெல்ல மாற்றுங்கள். புல்லின் வகையை மாற்றும்போதும் அப்படித்தான். பின்குடலின் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும்.

ஒரு நாள் எப்படிப் போகும்

காலையும் பின்னேரமும் ஒவ்வொரு மணி நேரம் வேலை செய்யும் என் 300 கிலோக் குதிரைக்கு இப்படிக் கொடுக்கிறேன். விடியக்காலை ஐந்து மணிக்கு முன் மூன்று கிலோ பச்சைப் புல், தண்ணீர். வெறும் வயிற்றில் ஓட்டினால் அமிலம் இரைப்பையின் மேற்பக்கச் சுவரில் தெறிக்கும். கொஞ்சம் புல் உள்ளே இருந்தால் அது தடுத்துக்கொள்ளும். ஆறு மணிக்குச் சவாரி, ஏழேகாலுக்குள் முடிவு. கோடையில் அதற்குப் பின் நான் யாரையும் ஏற்றுவதில்லை, எவ்வளவு காசு தந்தாலும்.

இறங்கியதும் பத்து நிமிடம் நடத்தல். சூடான குதிரைக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிற்றுக்குத்து வரும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதற்காகத் தாகத்தோடு நிறுத்திவைக்காதீர்கள். அரை வாளி கொடுத்து, நடத்தி, மறுபடி அரை வாளி கொடுங்கள். உடலில் தண்ணீர் ஊற்றிக் குளிர்த்துங்கள். ஏழரைக்கு ஆறு கிலோ புல். எட்டரைக்கு 400 கிராம் புண்ணாக்கு ஊறவைத்தது, 25 கிராம் உப்போடு. மத்தியானம் ஐந்து கிலோ புல், மூன்று மணிக்கு நான்கு கிலோ. ஐந்திலிருந்து ஆறு வரை சவாரி. ஏழு மணிக்கு இரண்டாம் வேளைப் புண்ணாக்கு, உப்பு. பத்து மணிக்கு இரண்டரைக் கிலோ காய்ந்த புல், இரவில் மெல்ல. எந்த இடைவெளியும் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் கணக்கு. தானியம் போடுபவர்கள் அதைச் சவாரிக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும்.

பாய்ச்சலாக ஓட்டிய நாளுக்கு அடுத்த நாள் நடைதான். தசையின் கிளைக்கோஜன் திரும்ப நிரம்பக் குதிரைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். என்ன தீனி போட்டாலும் அதை ஒரு இரவில் நிரப்ப முடியாது.

மணல்

மலைநாட்டுக் குதிரைக்காரருக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. நிலத்தில் புல்லைப் போட்டால் புல்லோடு மணலும் உள்ளே போகும். அது பெருங்குடலின் அடியில் படிந்து, நாளாக நாளாகப் பாரமாகி, வயிற்றுக்குத்தாக வெளிப்படும். மெலிவு, அடிக்கடி இளகிய சாணம், காரணமில்லாத சோர்வு எல்லாம் மணலின் அடையாளமாக இருக்கலாம்.

பார்ப்பது சுலபம். நிலத்தில் படாத மேல் உருண்டைகளாக ஆறு ஏழு சாண உருண்டைகளை எடுங்கள். ஒரு தெளிவான பிளாஸ்ரிக் போத்தலில் போட்டுத் தண்ணீர் நிரப்பிக் குலுக்கி, சாய்த்து வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். நார் மிதக்கும், தண்ணீர் பச்சைப் பழுப்பாகும். அடியில் விரல் வைத்தால் நறநறவென்று படிகிறதே, அதுதான் மணல். ஒரு தேக்கரண்டி அளவு தெரிந்தால் கவனிக்க வேண்டிய நிலை. ஒன்றும் தெரியாவிட்டால் உள்ளே மணலே இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது, மாதம் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

தடுப்பதற்கு ஒரு பழைய றப்பர் விரிப்பு, அதன்மேல் ஓரம் உயர்ந்த தொட்டி. தினமும் விரிப்பைக் கூட்டுங்கள். பசியோடு வெறும் மணல் வளவில் அவிழ்த்துவிடாதீர்கள், மிஞ்சிய துரும்பைத் தேடி மணலையே மேயும். இசப்கோல் (தண்ணீரில் வழவழப்பாக ஊறும் நார் உமி) கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் அளவை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். நாள்தோறும் நிறையப் புல் உள்ளே போவதும் மணலைத் தள்ளிக்கொண்டு வரும்.

கொட்டிலுக்குள் வரக்கூடாதவை

கோழித்தீனியும் மாட்டுத்தீனியும் முதலில். அவற்றில் சேர்க்கும் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்கும் மாட்டுக்கும் பாதகமில்லை. குதிரைக்குச் சிறிதளவே இதயத் தசையை அழித்துக் கொன்றுவிடும். ஒரே சாக்கு, ஒரே கரண்டி, ஒரே வாளி கூடப் பாவிக்காதீர்கள்.

வேலியில் நிற்கும் கிளிரிசிடியா ஆட்டுக்கு நல்ல குழை, குதிரைக்கு நஞ்சு. இபில் இபில் குழையைத் தொடர்ந்து தின்ற குதிரைக்குப் பிடரிமயிரும் வால்மயிரும் உதிரும். அலரி இலை மிகக் கொஞ்சமே போதும், உயிரை எடுத்துவிடும். கோயிலுக்கும் வீட்டுக்கும் அலரி வைக்கும் ஊர் இது, கத்தரித்த கிளைகளைக் கொட்டில் பக்கம் எறியவிடாதீர்கள். ஆமணக்கு விதையும் உண்ணிச்செடியும் இதே பட்டியல். பூஞ்சணம் பிடித்த சோளன் மூளையைத் தாக்கும், கழுவிக் காயவைத்தாலும் நஞ்சு போகாது. பொங்கல், கல்யாண வீட்டு மிச்சச் சோறு, பாண் எதையும் அன்பாகக்கூடக் கொண்டுவர வேண்டாம் என்று அயலவர்களிடம் முதலே சொல்லிவையுங்கள்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க

ஒரு கொப்பியில் கிழமைக்கு ஒருமுறை நெஞ்சுச் சுற்றளவை எழுதுங்கள். சாணம் ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, உருண்டையாக, விழுந்தால் உடையும் பதத்தில் இருக்க வேண்டும். ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. தாடையெலும்பின் உட்பக்கம் ஓடும் நாளத்தில் விரலை வைத்து எண்ணலாம். சவாரி முடிந்து கால் மணி நேரத்தில் 60க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கும் நேரம் கிழமைக்குக் கிழமை குறைந்துவந்தால் தீனியும் வேலையும் பொருந்துகின்றன. புல்லைப் பாதி மென்று உருண்டையாகக் கீழே போட்டால் தீனியில் பிழையில்லை, பல்லைப் பார்க்க வேண்டும். பல்லும் குடற்புழுவும் வருடத்துக்கு ஒருமுறையாவது மிருக வைத்தியர் பார்க்க வேண்டியவை.

தீனியைச் சரிசெய்த உடனே குதிரை துள்ளாது. நான்கு கிழமை கொடுங்கள். முதலில் தோல் மினுங்கும், அப்புறம் வாளி சீக்கிரம் காலியாகும், அதற்கும் பிறகுதான் நடையில் விறுவிறுப்புத் தெரியும்.

என்ன கவனமாக இருந்தாலும் ஒரு நாள் வயிற்றுக்குத்து வரக்கூடும். விலாவைத் திரும்பிப் பார்த்தல், பிறாண்டல், மேலுதட்டைச் சுருட்டுதல், படுத்துப் புரளல், சாணம் நிற்றல், இதில் எதைக் கண்டாலும் தீனி முழுவதையும் எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். தொடங்கிய நேரத்தையும், கடைசியாக என்ன தின்றது என்பதையும், துடிப்பையும் எழுதிக்கொண்டு உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். எண்ணெய், இஞ்சிக் கசாயம் என்று வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மிருக வைத்தியரின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொட்டில் தூணில் இன்றைக்கே ஒட்டிவையுங்கள். எனக்கு அது நடந்தபோது இரவு ஏழரை மணி, எண்ணைத் தேடியே இருபது நிமிடம் போனது.